எனக்காக வீட்டிலிருந்து படித்த பிள்ளைகள்

கொரோனாவின் இரண்டாவது வருடம், ஓகஸ்ட் மாதம் கல்விச் சபையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. செப்ரெம்பரிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறீர்களா, அல்லது இன்னும் ஒரு வருடம் இணையவழி வகுப்பில் விடுகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பெட்டிகள், ஒன்றில் சரி போட வேண்டும். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் இருந்த எனக்குத் தெரிந்த குடும்பங்கள் எல்லாம் மின்னஞ்சல் வந்த அன்றைக்கே பள்ளிக்கூடம் என்று சரி போட்டு முடித்துவிட்டார்கள். ஒன்றரை வருடமாகப் பிள்ளைகளோடு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது.

எங்களுக்கு இருந்தது. அந்த வருடம் மாசி மாதம்தான் எனக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். இறந்துபோன ஒருவருடைய கிட்னி. யாரென்று சொல்லமாட்டார்கள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருப்பதற்குக் காலையும் மாலையும் குளிசை போட வேண்டும். அதே குளிசை நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும். "தடுப்பூசி உங்களுக்கு எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது," என்றார் டாக்டர். "பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க வழி இருந்தால், இந்த ஒரு வருடம் அப்படிச் செய்யுங்கள்."

மனைவிதான் படிவத்தை நிரப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிடும்போது பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

மகளுக்கு ஆறு வயது. "ஓகே" என்று சொல்லிவிட்டுச் சோற்றிலிருந்த கறிவேப்பிலையைப் பொறுக்கினாள். பாலர் வகுப்பையே திரையில் படித்தவள். அவளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அதுதான்.

மகனுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி வருடம். அதற்குப் பிறகு வேறு பள்ளிக்கூடம், சிநேகிதர்கள் ஆளுக்கொரு பக்கம்.

"எல்லாரும் வீட்டிலயா, நாங்கள் மட்டுமா?" என்று கேட்டான்.

"விரும்பின ஆக்கள்," என்றாள் மனைவி.

"நான் விரும்பேல்லையே." கொஞ்சம் பொறுத்து, "அப்ப, அப்பாவாலயா?"

"என்ன கதை கதைக்கிறாய் நீ?" என்று மனைவி எழும்பினாள்.

"விடும்," என்றேன் அவளிடம். பிறகு அவனைப் பார்த்து, "ஓம் தம்பி. என்னாலதான்," என்றேன்.

அவன் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனான். கதவை அடித்துச் சாத்துவான் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் சாத்தினான். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்களுடையது பதினாலாம் மாடியில் இரண்டு அறை வீடு. மனைவிக்கு ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. அவள் எங்கள் அறையில். மகன் பிள்ளைகளின் அறையில். மகள் சாப்பாட்டு மேசையில். எனக்கு இடமில்லை. நான் நெடுங்காலம் பேக்கரிப் பாண் விநியோகிக்கும் ட்ரக் ஓட்டியவன். விடிய முதல் வீட்டை விட்டுப் போய்விடுவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுவதை நான் கண்டதே குறைவு. இப்போது சுகவீன விடுப்பில், அந்த வீட்டில் வேலையில்லாத ஒரே ஆள் நான்தான். ஒன்பது மணிக்கு முதல் சம்பலுக்குத் தேங்காயை அரைத்து முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு மூன்று மணிவரைக்கும் மிக்ஸி போடக்கூடாது என்பது சட்டம்.

பக்கத்து நகரமான பிக்கரிங்கிலிருந்து என் அக்கா போன் எடுத்தாள். "உன்ர உடம்பு முக்கியம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிள்ளையளின்ர படிப்பு? கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து என்ன படிக்கப் போகுதுகள்?" என்றாள். நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகளுக்குத் தனியாக இருந்து படிக்கத் தெரியாது. மைக்கை எப்போது திறப்பது, எப்போது மூடுவது, பென்சில் எங்கே, பச்சை நிறக் கொப்பி எங்கே என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அதனால் நான் அவளுக்குப் பக்கத்தில், கமெராவுக்குள் விழாமல் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மடியில் ஒரு சட்டி. மத்தியானத்துக்கு வெங்காயமோ போஞ்சியோ வெட்டிக்கொண்டிருப்பேன்.

அவளுடைய ரீச்சர் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து படிப்பித்தார். அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். எழுத்துகளின் ஓசையைச் சொல்லித் தரும்போது முகத்தைக் கமெராவுக்கு மிகக் கிட்டக் கொண்டு வந்து வாயைக் காட்டுவார். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் காற்றை விடுங்கள் என்பார். இருபது பிள்ளைகளும் திரையில் நாக்கை நீட்டும். நானும் நீட்டுவேன். கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் மூன்று என்பதை ஆங்கிலத்தில் நான் 'திறீ' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். நாக்கை எங்கே வைப்பது என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஒருநாள் மகளின் மைக் திறந்திருந்ததை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நான் அந்த ஓசையைச் சொன்னது முழு வகுப்புக்கும் கேட்டுவிட்டது.

"யாரோ ஒரு அப்பாவின் குரல் கேட்கிறது," என்றார் ரீச்சர். "மிகவும் திருத்தமாகச் சொல்கிறார். இன்னொரு தடவை சொல்லுங்கள் அப்பா, பிள்ளைகள் கேட்கட்டும்."

எனக்கு முகம் சுட்டது. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். சொன்னேன். இருபது பிள்ளைகளும் கை தட்டின. அடுத்த நாளிலிருந்து வரவு எடுத்து முடிந்ததும் ரீச்சர், "அப்பாவும் வந்திருக்கிறாரா?" என்று கேட்பார். "ஓம், வெங்காயம் வெட்டுறார்," என்று மகள் ஆங்கிலத்தில் அறிவிப்பாள். டிசெம்பரில் நத்தாருக்கு முதலே அவள் சின்னப் புத்தகங்களைத் தானாக வாசிக்கத் தொடங்கிவிட்டாள். முதன்முதலாக ஒரு வரியை முழுதாக வாசித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த அந்த நிமிடத்தில் நான் பக்கத்தில் இருந்தேன். மகன் வாசிக்கத் தொடங்கியபோது நான் எந்தத் தெருவில் பாண் இறக்கிக்கொண்டிருந்தேனோ தெரியாது.

மகனின் இணையவழி வகுப்பில் இருந்தவர்கள் நகரத்தின் பல பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள். அவன் பக்கம் வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. அவன் நேரத்துக்கு எழும்பினான், நேரத்துக்கு மேசையில் இருந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான். நவம்பர் நடுப்பகுதியில் அவனுடைய வகுப்பாசிரியர் எனக்குப் போன் எடுத்தார்.

"உங்கள் மகன் ஒவ்வொரு நாளும் வருகிறான். கமெராவும் போட்டிருக்கிறான்," என்றார். "ஆனால் காலையில் பத்து மணிக்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் எதைக் கேட்டாலும் தலையை மட்டும்தான் ஆட்டுகிறான். நேற்று, ஏழும் எட்டும் எத்தனை என்று கேட்டேன். அதற்கும் ஆட்டினான். சுகமில்லையோ என்று கேட்கத்தான் எடுத்தேன்."

அடுத்த நாள் பத்தேகாலுக்கு மகனின் அறைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். திரையின் ஒரு மூலையில் அவன் இருந்தான். நீல நிற ஹூடி. ஆசிரியர் சொல்வதைக் கேட்டுத் தலையை ஆட்டினான், மூக்கைச் சொறிந்தான், திரும்பவும் ஆட்டினான். மேசைக்கு முன்னால் கதிரை வெறுமையாக இருந்தது. எனக்கு விளங்க நேரமெடுத்தது. தன்னைத் தானே வீடியோப் படம் பிடித்து, அதைக் கமெராவின் பின்னணியாகப் போட்டுவிட்டு அவன் எழும்பிப் போயிருக்கிறான்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கேயாவது ஒளித்திருந்து போனில் விளையாடுகிறான் என்று நினைத்தேன். வரவேற்பறைக்கு வந்தபோது பல்கனிக் கதவு கொஞ்சம் நீக்கலாக இருந்தது. குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளியே அவன் குளிர்ஜாக்கெற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கம்பியில் நாடியை வைத்தபடி கீழே பார்த்துக்கொண்டு நின்றான்.

எங்கள் பல்கனியிலிருந்து அவனுடைய பழைய பள்ளிக்கூடத்தின் மைதானம் தெரியும். அங்கே இடைவேளை. பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்றதும் திடுக்கிட்டான். ஆனால் ஓடவில்லை.

"ஆர் உதில உன்ர ஆக்கள்?" என்று கேட்டேன். திட்டுவதற்கென்று வைத்திருந்த சொல் ஒன்றும் வரவில்லை.

"ஜாக்கெற்றை வச்சுத்தான் சொல்லலாம்," என்றான். "அந்த சிவப்பு, அந்த ரெண்டு கறுப்பு. மஞ்சள்தான் கோலி, கோல் காக்கிறது. முந்தி கோலி நான்."

"எத்தனை நாளா இப்பிடி நிக்கிறாய்?"

"ஹலோவீனுக்குப் பிறகு."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மஞ்சள் ஜாக்கெற் ஒரு பந்தை விட்டுவிட்டது. "நான் எண்டா பிடிச்சிருப்பன்," என்றான்.

"தம்பி, என்னில கோவமா?"

"இல்லை." பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "கோவிக்க ட்ரை பண்ணினனான் அப்பா. But நீங்கள் ஒண்டும் செய்யேல்லையே. ஆரிலயும் கோவிக்க ஏலாமல் இருக்கு. That's worse."

நான் அவனுடைய முதுகில் கையை வைத்தேன். கீழே மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கடைசிப் பிள்ளையும் உள்ளே போனபிறகு, "கிளாசுக்குப் பிந்துது," என்று சொல்லிவிட்டு அவன் போய்க் கதிரையில் இருந்தான்.

அன்று பின்னேரம் அவனுடைய ஆசிரியருக்கு நான் போன் எடுத்தேன். அதுவரை ஏன் நாங்கள் இணையவழி வகுப்பைத் தெரிவு செய்தோம் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. நோய் வருத்தத்தை வெளியில் சொல்லிக்கொண்டு திரிகிற பழக்கம் எங்களிடம் இல்லை. என் உடன்பிறப்புகளைத் தவிர மற்ற உறவினர்களில் பாதிப் பேருக்குக் கூட என் சத்திரசிகிச்சை பற்றித் தெரியாது. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கிட்னியை, குளிசையை, பல்கனியை, அந்தத் தலையாட்டும் படத்தை.

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"சொன்னதற்கு நன்றி," என்றார். "அந்தப் படத்தைக் கெட்டித்தனமாகத்தான் செய்திருக்கிறான். ஆனால் அதை நான் அவனுக்குச் சொல்லமாட்டேன்." பிறகு கேட்டார்: "அந்தப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை எத்தனை மணிக்கு?"

"பத்தேகாலுக்கு."

"எங்கள் இடைவேளை பத்தே முக்காலுக்கு. அதை அரை மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டு வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது. நான் அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாற்றுகிறேன்."

திங்கட்கிழமையிலிருந்து அந்த வகுப்பின் இடைவேளை பத்தேகாலுக்கு வந்தது. இருபத்தைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகளில் ஒருவருக்கும் ஏனென்று தெரியாது. மகனுக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா, என்ர ரீசெஸ்ஸும் இப்ப அவங்கட ரீசெஸ்ஸும் ஒரே நேரம்," என்று அவனே ஓடி வந்து எனக்குச் சொன்னான். அன்றைக்கே சிநேகிதர்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். அடுத்த நாள், கடற்கரைக்குக் கொண்டுபோகிற பெரிய செம்மஞ்சள் துவாயை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனான். நானும் போனேன். அவன் துவாயை விசுக்கினான். கீழே மைதானத்தில் ஐந்தாறு ஜாக்கெற்றுகள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்துத் துள்ளின, கையை ஆட்டின. அவர்கள் கத்தியது பதினாலாம் மாடிக்குக் கேட்கவில்லை. மகன் திருப்பிக் கத்தினான். பக்கத்து வீட்டு அங்கிள் தன் பல்கனிக்கு வந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அந்தத் தலையாட்டும் படம் வரவில்லை.

பெப்ரவரியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கொரோனா இல்லை, வேறு ஒரு தொற்று. ஐந்து நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்த ஐந்து நாளும் வீட்டில் நடந்ததை மனைவி போனில்தான் சொன்னாள்.

விடுப்பில் நிற்க அவளுக்கு நாள் மிச்சமில்லை. எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. போனில் ஆட்களோடு கதைத்துக்கொண்டே கதவிடுக்கால் மகளைப் பார்த்துக்கொள்வாள். முதல் நாள் வரவு எடுக்கும்போது ரீச்சர் வழக்கம்போல, "அப்பா வந்திருக்கிறாரா?" என்று கேட்க, மகள், "அப்பா ஆஸ்பத்திரியில்," என்று சொல்லிவிட்டாள். ரீச்சர் வகுப்புக்கு முன்னால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்கு எல்லாப் பிள்ளைகளும் திரையை மூடிவிட்டுப் போனபோது, மகளை மட்டும் நிற்கச் சொன்னார். தன்னுடைய சாண்ட்விச்சைக் கொண்டு வந்து கமெராவுக்கு முன்னால் இருந்தார். "இன்றைக்கு நானும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோமா?" என்று கேட்டார்.

மகன் தன்னுடைய அறையிலிருந்து வந்து, என் அக்கா பிக்கரிங்கிலிருந்து கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போன புட்டைச் சூடாக்கித் தங்கச்சிக்குக் கொடுத்தான். ஐந்து நாளும் அப்படித்தான். ரீச்சர் அந்தப் பக்கத்தில், என் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்தப் பக்கத்தில். புட்டு எப்படி அவிப்பது என்று ரீச்சர் கேட்டாராம். மகனுக்குத் தெரியவில்லையாம். "ஸ்ரீமிங் சாண்ட்" என்று, அதாவது ஆவியில் வேகிற மணல் என்று, சொல்லிவைத்தானாம். மனைவி சொன்னதை வார்ட்டில் படுத்திருந்து கேட்டுச் சிரித்தேன். போனை வைத்தபிறகு அழுகை வந்தது. இரத்தம் எடுக்க வந்த தாதி நோகிறதா என்று கேட்டாள்.

ஜூன் மாதம், வகுப்பு முடிய முதல், மகனின் ஆசிரியர் ஒரு சனிக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவுக்கு எல்லாக் குடும்பங்களையும் அழைத்தார். வெளியில்தானே, விரும்பினவர்கள் வரலாம் என்று எழுதியிருந்தார். போனோம். பத்து மாதங்கள் ஒன்றாகப் படித்த பிள்ளைகள் முதல்முறையாக ஒருவரையொருவர் நேரில் கண்டார்கள். தோளுக்கு மேலே மட்டும்தான் பழக்கம். "நீ இவ்வளவு உயரமா!" என்று ஒருவரையொருவர் பார்த்துச் சொன்னார்கள். கணக்கில் கெட்டிக்காரி என்று மகன் எப்போதும் சொல்கிற பிள்ளை அவனுடைய தோளளவுக்குத்தான் இருந்தாள். பத்து நிமிடத்தில் பந்து ஒன்று வந்தது. மகன் இரண்டு சப்பாத்துகளைக் கழற்றிக் கோல் வைத்துவிட்டு நடுவில் போய் நின்றான்.

நான் முகக்கவசத்தோடு தள்ளி ஒரு மரத்தடியில் நின்றேன். ஆசிரியர் வந்தார். அவரும் முகக்கவசம் போட்டிருந்தார். நான் நினைத்ததை விட இளம் ஆள். இரண்டு மீற்றர் தள்ளி நின்றுகொண்டு கதைத்தார். அந்த இடைவேளையை மாற்றியதற்கு நான் நன்றி சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று காரில் வரும்போதே சொல்லிப் பார்த்திருந்தேன்.

"இந்த வகுப்பு எனக்குத் தற்செயலாகக் கிடைத்ததல்ல," என்றார். "நானே கேட்டு வாங்கினேன். என் மனைவிக்கு நுரையீரலில் வருத்தம். நீங்கள் போனில் சொன்ன அன்றைக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியாமல் போனது அதனால்தான்."

சற்றுத் தூரத்தில் ஒரு பெண் மடக்குக் கதிரையில் இருந்து பிள்ளைகள் பந்தடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அந்தச் செப்ரெம்பரில் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். அந்தக் குளிர்காலமே எனக்குக் கொரோனா வந்தது. அதற்குள் மருந்து வந்துவிட்டிருந்தது. ஒரு கிழமை படுத்து எழும்பினேன். யார் கொண்டு வந்தது என்று நாங்கள் ஆராயவில்லை.

எனக்குக் கிட்னி தந்தவரின் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். பெயர் போடக்கூடாது, விலாசம் போடக்கூடாது, ஆஸ்பத்திரிக்காரரே சேர்ப்பிப்பார்கள். இரண்டு வருடமாக எழுத முடியவில்லை. என்ன எழுதுவது? கடைசியில் ஒரு பின்னேரம் ஒரு பக்கம் எழுதி, ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லி மகனிடம் கொடுத்தேன். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பேனையை வைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தான். ஆறேழு இடத்தில் திருத்தினான்.

"நான் ஒரு வசனம் சேர்க்கவா?" என்று கேட்டான்.

"சேர்."

கடிதத்தின் அடியில் எழுதிவிட்டு என்னிடம் தந்தான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அப்பா வீட்டில் இருக்கிறார்.